ஒண்ணுக்குள்ள ஒண்ணு என்றாயே, செல்லம்மா

அன்புள்ள செல்லம்மா,

அன்பு ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். ஒரே கப்பலில் வந்து இறங்கிய நமக்கு இங்கே வேறு சொந்தம் ஏது? உப்புத் தீர்ந்தால் நேராக என் அடுப்படிக்கே வருவாய். யாராவது பார்த்தால், "நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்பாய். அந்தச் சொல்லை நம்பித்தான், ஊருக்கு எழுதி விசாரிக்காமலேயே என் ராஜத்தை உன் மகனுக்குக் கொடுத்தேன்.

நீங்கள் கிள்ளானுக்குக் குடிபோனபின் அந்தச் சொல்லை எப்போது எடுத்தாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் பட்டுச்சேலையைக் கேட்டபோது எடுத்தாய். மகளுக்குக் காய்ச்சல் என்று நான் ஓடி வந்தபோது, "சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாம வரலாமா?" என்றாய். வாங்கும்போது ஒன்று, கொடுக்கும்போது இரண்டா?

தலைப்பிரசவத்துக்கு அவளை அழைக்க வந்தேன். வாசலிலேயே மறித்தாய்.

"எதுக்கு அலைச்சல்? நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நான் பாத்தா நீ பாத்த மாதிரிதானே!"

தனியாகவே ரயிலேறினேன். வலி கண்டும் மருத்துவச்சியைக் கூப்பிட நீ அவசரப்படவில்லையாம், ராஜம் சொன்னாள். பிள்ளை பிறந்து, இறந்து, புதைத்த பிறகுதான் எனக்கு ஆள் வந்தது. நான் பார்த்த மாதிரியா, செல்லம்மா?

உன் சாவுக்கு வந்தேன். கோடிப்புடவை போட்டேன். அழவில்லை. "ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்தவங்க, பாவம், வெறைச்சுப் போயிட்டாங்க" என்றார்கள். கோபத்தில் கண்ணீர் வரவில்லை என்று பிணத்தின் முன்னால் எப்படிச் சொல்வது?

ராஜம் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இந்த முறை யாரையும் கேட்காமல் அழைத்து வந்துவிட்டேன். பின்னாலேயே உன் மகன் வந்தான்.

"பொண்ணு பொறந்தா அம்மா பேருதான் வைக்கணும் அத்தே. நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு இல்லையா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"வைக்கலாம் மாப்பிள்ளே. முதல் புள்ளைய எங்க பொதைச்சீங்க? வாங்க, காட்டுங்க."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "அம்மாதான் ஆள் வச்சு எடுத்துட்டுப் போனாங்க. எனக்கே தெரியாது அத்தே."

உனக்கு மட்டும் தெரியும். நீயும் போய்விட்டாய்.

என் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு உன் பெயர் விழாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ எனக்கு முகம் காட்டாமல் புதைத்த பிள்ளையின் அம்மாச்சி