அம்மா வரும் இடம்

குவைத்
14 மார்ச் 1999

அன்புத் தம்பி பூபாலனுக்கு, அக்கா ஜெசிந்தா எழுதுவது.

நான் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா போய் நாலு மாதம் ஆகப்போகிறது. அடக்கத்துக்கு அனுப்பவில்லை என்று இந்த வீட்டுக்காரர்கள் மேல் இருந்த கோபம்கூடத் தேய்ந்துவிட்டது. நாள் முழுக்க இவர்கள் தரையைத் துடைக்கிறவளுக்குக் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் இங்கே வந்த பிறகு நம் காலனியில் ஒரு சினிமா எடுத்தார்களே, அதில் அம்மாவும்கூட நடித்தாளே, அந்தப் படத்தின் கேசட் வேண்டும். திருக்கழுக்குன்றம் ரெஜினாவின் வீட்டுக்காரர் மே மாதம் லீவு முடிந்து திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு. இந்த வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கும் டெக் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள்.

அம்மாவின் போட்டோ என்று என்னிடம் இருப்பது ஸ்டாம்ப் அளவு. அதில் யாரோ மாதிரி இருக்கிறாள். அவள் நடப்பதை நான் பார்க்க வேண்டும்.

உன் அக்கா
ஜெசிந்தா

மாமல்லபுரம்
6 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. பி.காம். முடித்தவன் ரூம் ரூமாகப் போய்த் துண்டு மாற்றுகிறேன். சேரும்போது எந்த ஊர் என்றார்கள், சொன்னேன். ஊரா காலனியா என்றார்கள், அதையும் சொன்னேன். கிச்சன் பக்கம் மட்டும் போட மாட்டார்களாம்.

அந்தப் படம் சுத்தக் குப்பை அக்கா. கேசட்டும் தேய்ந்து கோடு கோடாக ஓடுகிறதாம். வேறு நல்ல படம் அனுப்பட்டுமா? நீ ஊரில் இருந்தபோது செங்கல்பட்டுக்குப் போய்ப் பார்த்த படங்களில் எது வேண்டும், எழுது. இதில் அம்மா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கதவருகே நின்று சிரிப்பாள், அவ்வளவுதான்.

ஈ.சி.ஆர். ரோட்டை அகலப்படுத்த நம் தெருவிலும் கல் நட்டிருக்கிறார்கள். கேட்கப் போனால் ஆபீசர் லீவு.

தம்பி
பூபாலன்

குவைத்
28 மே 1999

பூபாலனுக்கு,

ரெஜினாவின் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார்.

நல்ல படம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படம் குப்பை என்றால் நீ எதற்கு விடாமல் பார்க்கிறாய்? அந்தப் படத்தை எங்கே போட்டாலும் பூபாலன் போய் உட்கார்ந்துவிடுகிறான், மதுராந்தகம், அச்சரப்பாக்கம் வரை பஸ் ஏறிப் போகிறான் என்று ரெஜினா எழுதியிருக்கிறாள். நீ பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா? அம்மாவுக்குக் கடைசியில் மண் போட்டதும் நீ. படத்தில் பார்ப்பதும் நீ மட்டும்தானா?

கேசட் அனுப்ப முடியாது என்றால் இனி எனக்குக் கடிதமும் எழுதாதே.

ஜெசிந்தா

மாமல்லபுரம்
19 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அம்மா அதில் கதவருகே நின்று சிரிக்கவில்லை. நடப்பது இதுதான். காமெடியன் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு நம் தெருவுக்குள் வருகிறான். தாகம் என்கிறான். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். வாய் வைத்துக் குடிக்கிறான். பிறகு அம்மாவையும் வீட்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயில் இருந்த அத்தனையையும் துப்புகிறான். சொம்பை அவள் கையில் திணித்துவிட்டு, இந்தத் தண்ணீரைக் குடித்தால் என்னென்ன வியாதி வரும் என்று கூட வந்தவனிடம் அடுக்கிக்கொண்டே போகிறான். துப்பப் போகிறான் என்று ஷூட்டிங்கில் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் கொடு என்று மட்டும்தான் சொன்னார்கள். படத்தில் அவள் 'குடிங்க சாமி' என்கிறாள். வேறு யாரோ பேசிய குரல்.

காலனியே லாரி பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அந்த இடத்தில் தியேட்டரே குலுங்கியது. நம் ஆட்களும்தான் சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது, கேபிள் டி.வி. நடத்தும் சாலமோன் அண்ணன் லாரியில் கத்தினார்: "இன்னாக்கா, இஸ்டார் ஆயிட்ட. இனிமே எங்களாண்டலாம் பேசுவியா?"

"அது என் கொரலே இல்லடா சாலமோனு," என்றாள் அம்மா. "நான் எவனடா சாமின்னு கூப்ட்டுகினு கீறேன்?"

அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

நான் ஏன் போய்ப் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டாயே. ஒருத்தனாவது அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்கிறானா என்று பார்க்கப் போகிறேன். இதுவரை கண்ணில் படவில்லை. இப்போது அந்தத் துண்டை மட்டும் டி.வி.யில் காமெடி நேரத்தில் தனியாகப் போடுகிறார்கள். ரிசார்ட்டில் என்னோடு வேலை செய்கிறவர்கள் நாஸ்தாவை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது என் அம்மா என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

சாலமோன் அண்ணன் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தார். மார்கரெட் டீச்சர் மகன் குவைத்துக்கு வருகிறான், அவனிடம் கொடுத்திருக்கிறேன். முடிந்தால் பார்க்காதே. பார்த்தால் என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தம்பி
பூபாலன்

குவைத்
7 ஜனவரி 2000

அன்புத் தம்பி பூபாலனுக்கு,

உன்னைத் திட்ட ஒன்றுமில்லை. கேசட் டிசம்பரில்தான் கைக்கு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவன் துப்பியதும் டெக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அடுத்த வெள்ளிக்கிழமை சத்தத்தை மூடிவிட்டு, நிறுத்தாமல் ஓடவிட்டேன்.

நீ அவனையே பார்த்திருக்கிறாய். சிரிக்கிறவர்களும் அவனைத்தான் பார்க்கிறார்கள். நான் அம்மாவைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் விலகிப் போகிறாள். கொஞ்சம் மங்கலாகத் தெரியும். நேரே வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் குந்தி, சொம்பில் மீதி இருந்த தண்ணீரைக் கீழே கொட்டுகிறாள். மண்ணை அள்ளி அவன் வாய் வைத்த விளிம்பைத் தேய்க்கிறாள். குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்து அலசுகிறாள். மறுபடியும் மண் போட்டுத் தேய்க்கிறாள். இவன் இங்கே வியாதியை அடுக்குகிறான், அவள் அங்கே தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் மோந்து பார்த்துவிட்டுத்தான் சொம்பை உள்ளே கொண்டுபோகிறாள்.

அதை யாரும் அவளைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள். கவனித்திருந்தால் வெட்டியிருப்பார்கள்.

இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. கை காய்த்துப்போய்விட்டது, முதுகு வலிக்கிறது. வெள்ளிக்கிழமை அதைப் போட்டுப் பார்த்தால் சனிக்கிழமை எழுந்துகொள்ள முடிகிறது. ரிசார்ட்டில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், அதற்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

ஆனால் டி.வி.யில் மறுபடி போட்டால் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து பார். அவன் முதுகுக்குப் பின்னால் பார்.

உன் அக்கா
ஜெசிந்தா