குளிர்த்தி பாடாத படங்கள்

'இஞ்சாருங்க' என்றல்லாமல் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு இது மூன்றாவது மாரிகாலம். நேற்றுவரை காற்றுக் கடுமை, நாலு நாளாக ஆற்றில் தோணி இறங்கவில்லை. பகல் சோறு தின்றதும் பேத்தி தமயந்தி தன் கைபேசியிலிருந்து படத்தைத் தொலைக்காட்சியில் போடுவாள். மகளும் மருமகனும் நானும் பார்ப்போம். நாலு நாளில் நாலு படம். தியேட்டரில், "கள்ளன் ஆரெண்டு சொல்லாத கா, வாயைப் பொத்து" என்று தொடையில் கிள்ளுவீர்களே, இப்போது கிள்ள ஆளில்லை.

முதலாவது பேய்ப் படம். பேய் தலையை விரித்தபடி படம் முடியும்வரை நின்றது. எனக்குப் பயம் வரவில்லை. எண்ணெய் வைத்துப் பின்னிவிடத்தான் கை வந்தது. இரண்டாவது கடற்கரைக் கதை. கதாநாயகன் வலை வீசியதைப் பார்த்து மருமகன் சிரித்தார்.

"வலையா மாமி வீசுறான்? பாயை உதறுறான்."

அவர் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாவது பொலிஸ் படம். கொலைகாரன் அந்த டொக்டர்தான் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். அப்படியே வந்தது. "பெத்தாக்கு ஆரு முன்னமே சொன்ன?" என்று பேத்தி வாய் பிளந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் முகம் வாசிக்கத் தெரியும் என்று பெருமையடித்தேன். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

போன கிழமை மருமகனின் வலையை யாரோ ஆற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக அறுத்துவிட்டார்கள்.

"மாமி, விடிய ஆத்தங்கரைக்குப் போனீங்களே, ஆரையும் கண்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆத்துக்கு அங்கால ஊர் ராசதுரைதான். வேற ஆரு?" என்றேன்.

உங்களுக்கு மட்டும் பொய் சொல்ல முடியாது. நான் கண்டது பனிக்குள் ஒரு தோணி, அதில் சிவப்புச் சேட்டுப் போட்ட ஓர் உருவம். முகம் காணவில்லை. ராசதுரை மருமகனோடு வாய்த்தர்க்கப்பட்டவன், சிவப்புச் சேட்டும் போடுகிறவன். படத்தில் கள்ளனைப் பிடிக்கிற மாதிரியே பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

நேற்று நாலாவது படம். வீட்டை எரித்தவனைத் தேடிப்போய் ஒருவன் வெட்டுகிறான், அவன் வீட்டையும் எரிக்கிறான். கடைசியில் பார்த்தால் வெட்டுப்பட்டவன் குற்றவாளியே இல்லை. நானும் அவனைத்தான் சொல்லியிருந்தேன். திரை கறுத்துப் பெயர்கள் ஓடின.

"முடிஞ்சிற்று பெத்தா."

"எங்க புள்ள முடிஞ்ச? குளிர்த்தி பாடல்லியே!"

நம்முடைய அம்மன் கோயிலில், அம்மன் ஊரை எரித்த இடத்தோடு யாராவது கதைப் படிப்பை நிறுத்துவார்களா? குளிர்த்தி பாடி, தண்ணீர் தெளித்து, அம்மனின் கோபம் ஆறிய பிறகுதானே சனம் வீட்டுக்குப் போகும்? இந்தப் படக்காரர் எரித்த கையோடு எழுப்பி அனுப்புகிறார்கள். அந்தச் சூட்டைக் கொண்டுபோய் எங்கே இறக்குவது?

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆள் மாறினா என்ன மாமி? எல்லாம் ஒரே கூட்டம்தானே" என்றார்.

பிறகு வீட்டு வளவுக்குள் போய் மீன் வெட்டும் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். நாலு நாளாக வீட்டில் மீன் இல்லை. மகள் ஏன் என்று கேட்டதற்கு, "காத்து ஓயட்டும், அங்கால ஒருக்காப் போயிற்று வாறன்" என்றார்.

இன்று காலை தென்னோலை அசையவில்லை. ஆறு எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கிறது. அவர் தோணிக்குள் நின்ற மழைத் தண்ணீரை இறைக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. அந்தச் சத்தம் நிற்கும் முன் நான் எழும்ப வேண்டும். நீங்கள் பார்த்துக் கட்டிவைத்த மருமகன் அவர். அவர் மறியலில் கம்பி எண்ணப் போனால், அல்லது பிணமாக வந்தால், நம் மகளுக்கு நான் எந்த முகத்தைக் காட்டுவேன்? உங்களோடு நாலு வார்த்தை பேசினால்தான் எனக்குத் துணிவு வரும். அதற்காகத்தான் எழுதினேன்.

போய்த் தோணிக்குள் குந்துவேன். "நான் ஒருத்தரையும் காணல்ல மகன். சிவப்புச் சேட்டைத்தான் கண்ட, பேரை நானாச் சொன்ன" என்பேன். நம்புவாரா? நம்பாவிட்டால் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் தோணியைத் தள்ள வேண்டும். ராசதுரையின் முகத்துக்கு நேரேயும் அதையே சொல்வேன். இதைப் பேத்தி முகநூலில் போடட்டும். வாய்க்கொழுப்புப் பிடித்த கிழவி என்று ஊர் சிரிக்கட்டும். மருமகன் இல்லாமல் நான் கரை திரும்பமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் பொஞ்சாதி,
தமயந்தியின் பெத்தா,
தங்கம்மா
செட்டிபாளையம்