அலமாரிக்குள் ஆறு நுண்ணோக்கிகள்

ஜூலை 3, வியாழன்

இன்றைக்கும் படம்தான். நுண்ணோக்கியை வரைந்து பாகங்களைக் குறி. ஆறாம் வகுப்பில் வரைந்தேன், ஏழில் வரைந்தேன், இப்போது எட்டிலும். கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவேன். ஆனால் கண்ணைத் திறந்து அதற்குள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நல்லா இருக்கு இல்ல?

ஆய்வகத்து அலமாரியில் ஆறு இருக்கின்றன, உறை போட்டு. சாவி அறிவியல் டீச்சரின் இடுப்பில். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு டீச்சர். "ஒரே ஒரு தடவை டீச்சர்" என்று கெஞ்சினேன். "கையில குடுத்தா ஒரே நாள்ல உடைச்சு வைப்பீங்க. அப்புறம் பதில் சொல்றது யாரு, நீயா?"

ஆமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

ஜூலை 5, சனி

நூலகப் புத்தகத்தில் படித்தேன். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதை முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தவர் பெரிய படிப்பாளி இல்லையாம். துணி வியாபாரியாம்! நூல் இழையைச் சோதிக்க லென்ஸ் பிடித்த மனுஷன், அதே பைத்தியத்தில் கடுகளவு லென்ஸ் செய்து, ஏரித் தண்ணீர், தன் பல் அழுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு லென்ஸ், உலோகத் தகடு, அவ்வளவுதான் அவர் கருவி. நல்லவேளை, அவருக்கு பூட்டு டீச்சர் வாய்க்கவில்லை.

அம்மாவும் மில்லில் துணி சோதிப்பவள்தான். இழை எண்ணும் மடக்குக் கண்ணாடி வைத்திருக்கிறாள். கேட்டேன். "அது கம்பெனி சாமான். கை வெச்சே, தோலை உரிச்சிடுவேன்."

சரி. நாமே செய்வோம்.

ஜூலை 12, சனி

செஞ்சாச்சு! செஞ்சாச்சு!

சித்தப்பாவுக்கு விளம்பரப் பலகைக்குக் கண்ணாடிக் குழாய் வளைக்கிற வேலை. தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழையை நெருப்பில் காட்டினார். நுனி உருகிக் கடுகளவு உருண்டை ஆனது. பிஸ்கட் டப்பாத் தகரத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஊசித்துளை போட்டு, நடுவில் உருண்டையை வைத்து அழுத்தினோம்.

கண்ணோடு ஒட்டிப் பார்த்தேன். கறுப்பாக, தடிதடியாக ஏதோ அசைந்தது. "சித்தப்பா, உசிரோட இருக்கு!" என்று கத்தினேன்.

"ஏ லூசு, உன் இமை முடி தகரத்துல உரசுது" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம் வெங்காயத் தோல். செங்கல் சுவர் மாதிரி கட்டம் கட்டமாக! சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

போச்சு. மானம் போச்சு.

பள்ளிக் குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். வட்ட வட்டமாக, சுற்றிலும் கறுப்புக் கரை. "புழு முட்டை!" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மதியம் ஒரு பிள்ளைகூடத் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாந்தியே எடுத்துவிட்டாள். பூட்டு டீச்சர் தகரத்தை வாங்கிப் பார்த்தார். "முட்டையாம் முட்டை. காத்துக் குமிழிடீ இது." வகுப்பே சிரித்தது. பள்ளி விடுவதற்குள் எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது: குமிழி.

தலைமையாசிரியை எச்.எம். வந்து என் தகரத்தைப் பிடுங்கித் தன் மேஜைக்குள் போட்டார். "நாளைக்குக் காலைக் கூட்டத்துல, நான் பொய் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்."

மாட்டேன். தப்புன்னு சொல்றேன், நூறு தடவை சொல்றேன். பொய்னு எதுக்குச் சொல்லணும்?

"சொல்லித் தொலையேண்டி, வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் அம்மா.

"நல்ல துணியில பழுதுன்னு நீ தப்பா சாக்பீஸ் கோடு போட்டுட்டா என்ன பண்ணுவே?"

"அழிச்சிட்டு அடுத்த கஜம் பாப்பேன்."

"உன்னைப் பொய்காரின்னு சொல்லுவாங்களா?"

முறைத்தாள். "வாய் அப்படியே உங்கப்பன் வாய்" என்று சொல்லிவிட்டு என் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

ஜூலை 16, புதன்

சொன்னேன். காலைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும். "நான் பாத்தது காத்துக் குமிழி. முட்டைன்னு நெனைச்சது என் தப்பு. பயமுறுத்தினதுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா நான் பொய் சொல்லலை. அந்த அலமாரியைத் திறந்து காட்டியிருந்தா, குமிழி எப்படி இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

எச்.எம். முகம் சிவந்துவிட்டது. வாரம் முடியும்வரை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும்.

ஜூலை 17

நின்றேன். கால் வலி. வருத்தம்? துளிகூட இல்லை.

ஜூலை 18, வெள்ளி

பூட்டு டீச்சர் விடுவிடுவென்று வந்தார். "அலமாரியைத் திறக்கலைன்னு ஊரையே கூட்டினியே, வா. நல்ல நுண்ணோக்கியில குமிழி எப்படி இருக்கும்னு காட்டறேன்."

திறந்தார். உறையைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். ஒரே மூட்டம். அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. ஆறையும் பார்த்துவிட்டு, ஒரு லென்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிமேல் வெள்ளை வெள்ளையாக, வேர் விட்ட மாதிரி. பூஞ்சை. காற்றே படாமல் பூட்டி வைத்ததில் ஆறும் பூத்துப்போய்விட்டன.

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு கீறல் விழாம பாத்துக்கிட்டேனே" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

"ஒண்ணு நல்லா இருக்கு டீச்சர்" என்றேன். "எச்.எம். மேஜைக்குள்ள."

ஜூலை 21, திங்கள்

டீச்சரே எச்.எம்.மிடம் போய்த் தகரத்தை வாங்கிவந்துவிட்டார்! என்ன பார்த்தோம் தெரியுமா? லென்சிலிருந்து சுரண்டி எடுத்த அதே பூஞ்சையைத்தான். மொத்த வகுப்பும் வரிசையில். கிளை கிளையாகப் பிரிந்து, நுனியில் குட்டிக் குட்டி உருண்டைகள். என்னைக் குமிழி என்று கூப்பிட்டவளே இரண்டு தடவை வரிசையில் வந்து நின்றாள்.

சத்தம் கேட்டு எச்.எம். வந்தார். தகரத்தைக் கண்ணில் வைத்தார். "ஐயையோ! கறுப்பா என்னமோ அசையுது! உசிரோட இருக்கு!"

"அது உங்க இமை முடி மேடம்."

எச்.எம். என்னைப் பார்த்தார். நானும் தலையைக் குனியவில்லை.

"முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். அது பொய் இல்லை" என்றேன். "கண்ணை நல்லா விரிச்சுப் பாருங்க."

விரித்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மணி அடித்த பிறகும் தகரம் கண்ணைவிட்டு இறங்கவில்லை. கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியதாகிவிட்டது: "மேடம், பின்னாடி வரிசை நிக்குது."