தேரன்று லீவு கொடுத்தது நான்தான்

என்றும் என் பிரியத்துக்குரிய செல்வின் அண்ணனுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் எழுதியது ஒரே ஒரு கடிதம். கால்பந்து கிளப் பெயர் அச்சிட்ட தாளில் நாலு வரி. உங்களைத் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தேன். கமிட்டியில் நல்ல தமிழ் எழுதுகிறவள் நான்தான் என்று தலைவர் என்னிடம் கொடுத்த வேலை அது.

இது இரண்டாவது கடிதம். இதை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த ஆடி மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜெயித்தால் மேல் பிரிவு என்கிற ஆட்டம். அதற்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். ஆட்டக்காரர்களின் பதிவுத் தாள்களைக் கொடுக்க நீங்கள் காலை ரயிலில் மதுரை போனீர்கள். போகும்போது பையன்களிடம், "ஒருத்தனும் கேம்ப்ப விட்டு நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேனா? அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நான் கமிட்டிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற என் பேண்டேஜ் யூனிட் டீமுக்குச் சட்டையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்ததால் கிடைத்த இடம். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் டீமைப் பார்த்துக்கொள்ள என்னைச் சொன்னார்கள்.

கீப்பர் முனீஸ் வந்து நின்றான். யூனிட்டில் ரோல் வெட்டும் மிஷினில் நிற்கிறவன் என்பதால் என்னிடம் அவனுக்கு உரிமை அதிகம்.

"அக்கா, எங்க வீட்டுல வருசா வருசம் வடம் புடிக்கது. சும்மா தொட்டுக் கும்புட்டுட்டு வந்துருதேன்."

"கோச்சு வாரதுக்குள்ள வந்துரணும்லே" என்றேன்.

வடத்தைத் தொட்டவன் தொட்ட கையோடு விட்டுவிட்டு வந்ததாக நம் பக்கத்தில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா அண்ணே? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அவ்வளவு பெரிய தேரை ஆயிரம் பேரோடு சேர்ந்து இழுக்கிற கயிறு உள்ளங்கையை என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கைதான் மறுநாள் பந்தைப் பிடிக்க வேண்டிய கை என்பதும் தோன்றவில்லை.

மறுநாள் மைதானத்தில் அவன் கையுறை மாட்டும்போது பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் காஸ் துணி சுற்றியிருந்தது. கரையைப் பார்த்ததுமே தெரிந்தது, என் யூனிட்டில் ஓடிய துணி. மாற்றுக் கீப்பர் காய்ச்சலில் கிடந்தான். நீங்கள் முனீஸின் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொன்னீர்கள். அவன் தலையாட்டினான். என் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை.

இரண்டு கோல். இரண்டும் கைக்கு வந்து நழுவிய பந்துகள்.

தலைவருடைய மில் ஆபீசில் கமிட்டி கூடியபோது அவர் உங்களிடம் கேட்டார்.

"செல்வினு, நீரு என்ன கோச்சா, இல்ல தேருக்கு ஆள் சேக்கிறவரா? எவன் அவனுக்கு லீவு குடுத்தது?"

நீங்கள் "டீம் என் டீம் சார். பொறுப்பும் என்னுது" என்றீர்கள்.

நான் எதிரிலிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படிந்திருந்தது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரிதான். உங்களுக்குத் தெரியாது, முனீஸ் பயந்துகொண்டு சொல்லியிருக்க மாட்டான், எப்படியும் தோற்றதற்கு ஒருவர் போகத்தான் வேண்டும் என்றெல்லாம் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களை அனுப்பக் கை தூக்கச் சொன்னபோது என் கையும் மேலே போனது.

நீங்கள் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "கோச்சுங்கிறவன் டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி தங்கச்சி. வண்டி வழியில நின்னுட்டா எல்லாரும் அவனத்தான் ஏசுவாக. இஞ்சின் அவன்கிட்டயா இருக்கு?" அன்று நானும் சிரித்தேன்.

உங்களுக்குப் பிறகு மூன்று பேர் வந்தார்கள், இரண்டு பேர் போனார்கள். ஒவ்வொருவரை அனுப்பும்போதும் கமிட்டி ஒரு பெரிய வேலையை முடித்த களைப்போடு கலைந்தது. பதினோரு பேரை மாற்றுவதைவிட ஒருவரை மாற்றுவது சுலபம். நம்மை மாற்றிக்கொள்வதைவிட அது இன்னும் சுலபம். ஒரு வருஷம் கழித்து யாராவது, "செல்வின அனுப்பிருக்கக் கூடாதுப்பா" என்பார்கள். சுற்றியிருப்பவர்கள் ஆமாம் போடுவார்கள். வருத்தப்படுவதில் எங்கள் கமிட்டிக்குக் குறையே கிடையாது. அந்த வருத்தம் அடுத்த கூட்டம் வரைக்கும் கூட வராது என்பதுதான் குறை.

நீங்கள் கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கப் போனீர்கள். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை உங்களைப் பார்த்தேன், இறங்கவில்லை. இறங்கி என்ன சொல்லியிருப்பேன்?

போன மாதம் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வரும் வழியில் முனீஸ் என் கூடவே நடந்து வந்தான்.

"கோச்சுக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்கதான் விட்டீயன்னு. அன்னிக்கே சொல்லிட்டேன். 'வெளிய வாயத் தொறக்காதலே. பொம்பளப்பிள்ள கமிட்டிக்குள்ள இப்பத்தான் வந்திருக்கு. இத வச்சே அத எந்திரிக்கச் சொல்லிருவானுக'ன்னு சொல்லிட்டாவ."

தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்த இத்தனை நாளும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீங்கள் கேட்காததால் நான் சொல்லாமலே இருந்துவிட்டேன் என்று இப்போது பழியை உங்கள் மேலேயே திருப்பப் பார்க்கிறேன், பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு, எஸ்தர் மதினியிடம் போனேன். சர்ச்சிலிருந்து வந்த மதினி சேலைகூட மாற்றியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்கிட்டகூட அவிய சொல்லலையே சாந்தி. தேருக்கு எதுக்கு லீவு குடுத்தீய, எதுக்கு லீவு குடுத்தீயன்னு எத்தன நாள் அவியள ஏசிருப்பேன். கேட்டுக்கிட்டே சோத்தப் பெசஞ்சிட்டு இருப்பாவ."

மதினி என்னைத் திட்டவும் இல்லை. காபி போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போதைய செய்தியைச் சொல்கிறேன். புதிதாக வந்த கோச் சின்ன வயசுக்காரர். அதிகம் பேச மாட்டார். டீம் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றிருக்கிறது. நம் மாரி உடம்பு சரியில்லாமலே ஆடினான் என்பது எனக்குத் தெரியும், ஆடியே தீரணும் என்று தலைவர் வீட்டிலிருந்து போன் போனதும் தெரியும். நேற்றுத் தலைவர் கூப்பிட்டார். "தாயி, பழைய லெட்டர் இருக்கும்லா? பேர மட்டும் மாத்தி எழுதிக் கொண்டாந்துரு. ஞாயித்துக்கெழம முடிச்சிருவோம்."

பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பெயரைத் தவிர வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. யாருக்கும் பொருந்துகிற மாதிரி அன்று எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோக மாட்டேன். டீ வருவதற்கு முன்னால், "அன்னிக்கு முனீஸுக்கு லீவு குடுத்தது நான்" என்று சொல்வேன். அதன் பிறகு மாரிக்கு வந்த போனைப் பற்றிக் கேட்பேன். அந்தச் சின்ன வயசுக்காரருக்கு வேலை நிலைக்குமா, எனக்கு அந்த நாற்காலி நிலைக்குமா என்று தெரியாது. உங்கள் வேலையைக் கொடுத்து நீங்கள் எனக்குக் காப்பாற்றித் தந்த நாற்காலி அது. மூன்று வருஷம் அதில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டேன்.

எந்திரி என்று அவர்கள் சொல்லட்டும். நின்றுகொண்டே மிச்சத்தையும் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேராக மதினியிடம் வாரேன்.

அன்று கை தூக்கிய
உங்கள் தங்கச்சி
சாந்தி
ராஜபாளையம்