ஒரு மணிச் சாப்பாடு

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
10.5.1998

அன்புக் கண்ணு வைஷ்ணவிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஈரோட்டில் நலம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூலருக்குத் தண்ணீர் ஊற்றியே கை ஓய்ந்துபோகிறது. வயிற்றெரிச்சல் இன்னும் விடவில்லை. மத்தியானம் ஆபீசில் தொடங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் நெஞ்சுவரை ஏறிவிடுகிறது.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பூட்டைத் திறந்ததும் சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுகிறாள். "ஏனுங்க, பசிக்குதுங்க" என்கிறாள். போய் இரண்டு வருஷமாகியும் அதே குரல். இருந்தவரை தனக்குப் பசிக்கிறதென்று அவள் வாய் திறந்து சொன்னதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா,
செல்வராஜ்

ஈரோடு
18.5.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. உங்கள் பக்கத்து வீட்டு ஜோதிலிங்கம் மாமா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். காலையில் சமைத்து அம்மா படத்துக்கு முன்னால் தட்டில் படைத்துவிட்டு, நீங்கள் வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகிறீர்களாம். சாயங்காலம் வந்து அந்தத் தட்டில் இருப்பதைத்தான் சாப்பிடுகிறீர்களாம். தில்லி மே மாதத்தில் தயிர்ச்சோறு என்ன கதி ஆகும்! அமாவாசைக்குப் படைப்பார்கள், திதிக்குப் படைப்பார்கள். தினமும் படைத்துவிட்டு, ஊசிப்போகும்வரை பட்டினி கிடப்பதை எந்த ஊரில் கண்டீர்கள்?

அம்மாவுக்கு வயிற்றுப் புண் ஓட்டை விழுந்துதான் உயிர் போனது. நீங்களும் அப்படிப் போக நான் விடமாட்டேன். உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

உங்கள் மகள்,
வைஷ்ணவி

லக்ஷ்மிபாய் நகர்
2.6.1998

அன்புக் கண்ணு,

போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண்தான். ஒரு கிருமியும் குடியிருக்கிறதாம். மாத்திரை தந்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வயிற்றுக்கு நேரம் தெரியுமாம். வழக்கமான வேளை வந்தால், சோற்றை நினைத்தாலே கூட, அமிலம் சுரந்துவிடுமாம். உள்சுவரில் வழவழவென்று ஒரு பூச்சு இருப்பதால்தான் வயிறு தன்னையே அரித்துக்கொள்வதில்லை. கிருமி அந்தப் பூச்சைக் கெடுத்தால் அமிலம் சதையைத் தொட்டுவிடும். "டைம் பே கானா காவோ, பாபுஜி" என்று கடைசியில் ஓர் அதட்டல். நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம்.

நீ சொன்னதும் சரி, அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ஆனால் நான் வராமல் அம்மா ஒரு வாய் சாப்பிட்டதுண்டா? நான் எவ்வளவு தாமதித்தாலும் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நான் காத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அப்பா

ஈரோடு
11.6.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா காத்திருந்ததைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். கேட்டால், "வாயுப் புடிப்பு கண்ணு" என்று ஓமத்தண்ணி குடிப்பாள். நம் வீட்டில் ஒருத்தர் காத்திருந்தது போதும் அப்பா. படைப்பதென்றால் படையுங்கள். ஆனால் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு போய் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். எனக்கு நீங்கள் வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மகள்,
வைஷ்ணவி

லக்ஷ்மிபாய் நகர்
21.7.1998

அன்புக் கண்ணு,

மாத்திரை முடிந்தது. தினமும் ஒரு மணிக்கு ஆபீசில் டப்பாவைத் திறந்தேன். எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை. நீ ஜெயித்துவிட்டாய்.

ஆனால் பூட்டைத் திறந்தால் வீடு சும்மா கிடக்கிறது. சமையலறையில் போய் நின்று பார்த்தேன். "அருக்காணி" என்று நானே கூப்பிட்டும் பார்த்தேன். பதில் இல்லை. உன் அம்மாவுக்கு இன்னொரு முறை கொள்ளி வைத்துவிட்டேனோ என்று தோன்றியது. பொறுக்க முடியவில்லை கண்ணு.

நேற்று டப்பாவைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எரிச்சல் வந்துவிட்டது. சந்தோஷமாக பஸ் ஏறினேன். பூட்டைத் திறந்தேன். இருந்தாள். ஆனால் இந்த முறை பசிக்கிறது என்று சொல்லவில்லை.

"ஏனுங்க, சாப்புட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு புள்ள" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் பொய் சொன்னாயிற்று. உன்னிடமும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அப்பா