காலியாக விட்ட கட்டம்

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் நீங்கள் "பஸ்காரர் பொண்ணு" என்று கூப்பிடுவீர்களே, அவளுடைய அப்பா எழுதுகிறேன். உங்கள் புதுப் பள்ளியின் முகவரியை இங்கே நம் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். கொடுக்கும்போது கிளார்க் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும், பார்க்கும்படி நடந்துகொண்டவன்தானே. நீங்கள் நலமா? அங்கே பிள்ளைகள் ஓட நல்ல மைதானம் இருக்கிறதா?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அவள் சுகமாக இருக்கிறாள். இதயத்தில் இருந்த ஓட்டையை, நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டு அடைத்துவிட்டார்கள். ஆறு மாதம் ஓடக்கூடாது என்றார்கள். அந்தக் கெடு போன வாரம் முடிந்தது.

அரையாண்டு ரிப்போர்ட்டில் எல்லாப் பாடத்துக்கும் நல்ல மார்க், உடற்கல்விக் கட்டம் மட்டும் காலி. டிப்போவிலிருந்து யூனிஃபார்மோடு நேராக வந்து உங்களிடம் கத்தினேன். "ஓடி ஆடுற பாடத்துக்கு என்னம்மா பெரிய மார்க்கு, எல்லாருக்கும் போடுற மாதிரி போட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்றேன். நீங்கள் நோட்டை எடுத்து விரித்தீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். அவள் பக்கத்தில் பள்ளி திறந்தபோது ஐந்து சுற்று, பிறகு நான்கு, பிறகு மூன்று. ஓடி முடித்ததும் நாடித்துடிப்பு எவ்வளவு, மூன்று நிமிஷம் உட்கார்ந்த பிறகு எவ்வளவு என்று வாராவாரம் எழுதியிருந்தீர்கள். "மத்த பிள்ளைங்களுக்கு இறங்கிடுது சார், இவளுக்கு இறங்கல. முயற்சியில குறையே இல்ல. காரணம் தெரியாம நான் போடுற மார்க் பொய் மார்க்" என்றீர்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. மகளுக்கு நோயாளிப் பட்டம் கட்டுகிறீர்கள் என்று தலைமையாசிரியரிடம் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகும் என் பஸ்ஸில் ஏறினீர்கள். கடைசி நிறுத்தம் வரை வந்தீர்கள். எல்லாரும் இறங்கியதும் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "என்மேல இன்னும் நாலு புகார் வேணும்னாலும் எழுதுங்க சார். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு எழுதுங்க" என்றீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன் டீச்சர், நான் ஆஸ்பத்திரிக்குப் போனது பயத்தால் அல்ல. ஒன்றுமில்லை என்று சர்ட்டிபிகேட் வாங்கி உங்கள் மேஜைமேல் வீசத்தான் போனேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஸ்கேன் பார்த்துவிட்டு, "இன்னும் சில வருஷம் விட்டிருந்தா நுரையீரலும் கெட்டுப்போயிருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் என் மனைவி. என் மகள்தான், "எங்க பி.டி. டீச்சர்" என்றாள்.

வண்டியில் லேசாக ஒரு சத்தம் மாறினாலும் டிப்போவில் எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு வரமாட்டேன். இவள் மாடிப்படியில் நின்று நின்று ஏறியதை மட்டும் சோம்பேறித்தனம் என்று திட்டினேன். அவளும் அதை நம்பிவிட்டாள்.

சிகிச்சை முடிந்து நன்றி சொல்ல வந்தபோது நீங்கள் மாற்றலாகிப் போயிருந்தீர்கள். "அது வழக்கமான மாற்றல்தான்" என்று தலைமையாசிரியர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் புகார் தவறு, டீச்சரால்தான் என் மகள் பிழைத்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதே ஃபைலில் என் கண்ணெதிரே வைக்கச் சொன்னேன்.

புதிதாக வந்த சாரும் நல்லவர். நேற்று அவளை இரண்டு சுற்று ஓடவிட்டு நாடி பிடித்துப் பார்த்திருக்கிறார். மூன்று நிமிஷத்தில் இறங்கிவிட்டதாம். இரவுச் சாப்பாட்டின்போது அதையே பத்துத் தடவை சொன்னாள். வகுப்பிலேயே கடைசியாக வந்தாளாம், அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னாள். என் மனைவி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

நீங்களும் உங்கள் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு நீங்கள் பதில் போட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பள்ளியிலும் என்றைக்காவது ஓர் அப்பன் உங்கள் முன்னால் வந்து நின்று கத்துவான். தயவுசெய்து அவன் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள்.

என்றும் நன்றியுடன்,
பஸ்காரர்