பூக்காரம்மா கட்டிய புடவை

அன்புள்ள அக்கா,

உங்களை நான் பார்த்ததில்லை. பெருங்களத்தூர் வீட்டுக் கூடத்தில், சின்ன பல்பு எரியும் படத்தில் பார்த்துத்தான் பழக்கம். நீங்கள் போன பிறகு உங்கள் கணவரைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருஷமாக உங்கள் சமையலறையில் நிற்கிறேன். உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?

செய்தி இதுதான். உங்கள் மகள் கவிதாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. நேற்றுக் காலை உங்களுக்குப் பூவாடைக்காரி படையல் போட்டோம்.

வருஷா வருஷம் போடுகிற அந்தப் படையலில்தான் முதல் வருஷம் நான் தப்புச் செய்தேன். விவாகரத்து வாங்கிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து ஒரே பெட்டியோடு தாம்பரம் வந்தவள் நான். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிட்டு, பிறகு அதை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வது உங்கள் குடும்பத்து வழக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இறந்தவர் பேரில் எடுத்த துணியை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். மறுநாளே தெருமுனைப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். புண்ணியம் என்றுகூட நினைத்தேன்.

“அத்தே, எங்கம்மா பொடவைய பூக்காரம்மா கட்டிக்கினு உக்காந்திருக்காங்க.”

பத்து வயதுக் கவிதா உங்கள் நாத்தனாரிடம் சொன்னது சமையலறைவரை கேட்டது. அந்தப் புடவையைக் கட்டுகிறவளிடம் அம்மா வந்து இருப்பாள் என்று குழந்தைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய்ப் பூக்கூடைப் பக்கத்தில் நின்றாள். ஒன்றும் வாங்க மாட்டாள். “இன்னா பாப்பா, சும்மா சும்மா வந்து மூஞ்சிய பாத்துகினு நிக்கிற?” என்று அந்தம்மா கேட்பாளாம். இவள் என்ன சொன்னாளோ. நீங்கள் அங்கே இருந்தீர்களா, அக்கா?

அதிலிருந்து நான் ஆன்ட்டி. டைபாய்டில் கிடந்தபோது மூன்று நாள் என் மடியில்தான் படுத்திருந்தாள். காய்ச்சல் இறங்கியதும், “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள். கோவில்பட்டியில் எனக்கும் ஒரு பையன் இருக்கிறான். அவன் அப்பா வீட்டார் அவனை என்னிடம் விடவில்லை. அவனுடைய அப்பாவும் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணை அவன் என்னவென்று கூப்பிடுகிறான்?

இத்தனை வருஷமும் படையல் புடவையை உங்கள் நாத்தனார்தான் கட்டினார். போன வருஷம் அவர் கணவர் தவறிவிட்டார். இனி அவர் கட்ட முடியாது. நேற்று நான் தலைக்குக் குளித்துவிட்டுப் படத்துக்கு அருகிலேயே நின்றிருந்தேன். ஆசைதான். வேறென்ன சொல்ல?

நாத்தனாருக்கு மறைத்துப் பேசத் தெரியாது. “தாலி அறுத்துக் கட்னவ இதக் கட்டலாமா கூடாதான்னு நீயே சொல்லிடு கவி. உங்கம்மா பொடவை. அப்புறம் என்னைக் கேக்காத.”

கவிதா புடவையை எடுத்தாள். அரக்கு நிறம், மஞ்சள் கரை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

“கட்ட வேணாம் ஆன்ட்டி. நீங்களே வச்சிருங்க.”

அறைவரை போனவள் திரும்பி வந்தாள்.

“யாருக்கும் குடுத்துடாதீங்க.”

பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தப்பைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது. குத்திக் காட்டினாளா, நம்பிக் கொடுத்தாளா? இரவெல்லாம் யோசித்தும் தெரியவில்லை. அவள் முகம் உங்கள் முகம்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அறை காலி. புடவை என் பீரோவில், என் துணிகளோடு சேராமல் தனித் தட்டில் இருக்கிறது. நான் கட்ட மாட்டேன். அவள் வந்து கேட்கிற அன்று மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுப்பேன். கேட்காமலே இருந்துவிட்டாலும், அக்கா, இந்த முறை அது வாசலைத் தாண்டாது.

உங்களுக்குப் பின்னால் இந்த வீட்டுக்கு வந்த,
உங்கள் தங்கை